நிழலில் இல்லாத உறுப்பு

அபரஞ்சி டிரைவிங் ஸ்கூலில் கார் பழகிய யாரைக் கேட்டாலும், ஆவாரங்குளம் ஊரில் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒன்று, பெட்ரோல் பங்காக இருந்து சார்ஜ் ஏற்றும் கடையாகிவிட்ட இடத்தில் ஒன்று, நூலகத்தில் ஒன்று. பாடத்திட்டமே அப்படித்தான் அமைந்திருந்தது. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை ஆசிரியை, "ஓரங்கட்டு பிள்ள, ஓரங்கட்டு" என்பார். மாணவர் ஓரங்கட்டுவார். ஆசிரியை இறங்கி ஓடுவார். அவரிடம் படித்தவர்களைப் போல ஓரங்கட்டுவதில் தேர்ந்தவர்கள் அந்த மாவட்டத்திலேயே கிடையாது.

கார்கள் தாமாக ஓடத் தொடங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் கார் குழம்பிப்போய் நடுரோட்டில் நின்றுவிட்டால் கையால் ஓட்டிப் போக ஒருவருக்காவது உரிமம் வேண்டும் என்று சட்டம் இருந்ததால் அபரஞ்சிக்குப் பிழைப்பு நடந்தது. ஊரில் பாதிப் பேர் அவரிடம் பழகியவர்கள். அவர் திருநங்கை என்பது ஊருக்கே தெரியும். அவருக்கு ஐம்பத்தேழு வயது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. நாற்பத்தெட்டு என்று சொல்லி வைத்திருந்தார்.

சிறுநீரில் ஒருநாள் லேசாகச் சிவப்பு தெரிந்ததும் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். அங்கேதான் உடல்நிழலோடு மல்லுக்கட்ட வேண்டி வந்தது.

உடல்நிழல் என்பது அரசாங்கம் ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டருக்குள் செய்து வைத்திருந்த மாற்று உடம்பு. அடையாள அட்டையில் உள்ள வயது, பால், எடை, ரத்த வகை, பழைய நோய்கள் எல்லாவற்றையும் வைத்து மிஷினே அதை உருவாக்கும். நமக்கு என்ன நோய் வரப்போகிறது என்று நமக்கு முன்னால் அந்த நிழலுக்குத் தெரியும். நிழல் சம்மதித்தால்தான் டோக்கன். டோக்கன் இருந்தால்தான் டாக்டர். ஆயிரக்கணக்கான பேருக்கு அது சர்க்கரையையும் மாரடைப்பையும் முன்கூட்டியே சொல்லிக் காப்பாற்றியது. அதை யாரும் மறுக்க முடியாது.

"வணக்கம் அபரஞ்சி அம்மா" என்றது மிஷின், தேன் வடியும் குரலில். "உங்கள் தொந்தரவு என்ன?"

"ஒண்ணுக்கு அடிக்கடி வருது. வந்தா முழுசாப் போவ மாட்டேங்குது. எனக்கு புரோஸ்டேட்டுல ஏதோ கோளாறுன்னு நெனைக்கேன். அதப் பாக்கணும்."

மிஷின் ஒரு கணம் யோசித்தது. "பெண்களுக்குப் புரோஸ்டேட் கிடையாது அம்மா. கவலை வேண்டாம். இந்த வயதில் கர்ப்பப்பை இறங்கியிருக்கலாம். உங்களுக்குக் கர்ப்பப்பைப் பரிசோதனை பதிவு செய்துவிட்டேன்."

"எனக்குக் கர்ப்பப்பையே இல்லம்மா, தாயே."

"எப்போது அகற்றினீர்கள்?"

"இருந்தாத்தான அகத்த!"

"பதிவேட்டில் அறுவைச் சிகிச்சை எதுவும் இல்லை. எனவே உங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கிறது. வாழ்த்துகள்."

உதவி மேசையில் உட்கார்ந்திருந்த மனிதர் ஒரு வழி சொன்னார். அட்டையில் 'ஆண்' என்று திருப்பி மாற்றிவிட்டால் மறுநாளே புரோஸ்டேட் வந்துவிடும். 'மற்றவர்' என்று மாற்றலாமா என்று அபரஞ்சி கேட்டார். அப்படி மாற்றிய ஒருவருக்கு மிஷின் நிழலே போடாமல் விட்டுவிட்டதாகவும், அவர் மூன்று மாதமாக வரவேற்பறையிலேயே உட்கார்ந்திருப்பதாகவும் மனிதர் தெரிவித்தார்.

அபரஞ்சி அட்டையைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். 'பெண்' என்ற அந்த ஒரு சொல்லை வாங்க அவருக்குப் பத்தொன்பது வருடமும் ஏழு மனுக்களும் ஆகியிருந்தன.

காத்திருப்புக் கூடத்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் கட்டான மீசையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் விசில் தொங்கியது. முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. ஒலிபெருக்கி அழைத்தது.

"திரு. செல்வின், வயது நாற்பத்தொன்று. புரோஸ்டேட் பரிசோதனைக்கு ஏழாம் அறைக்கு வரவும்."

மீசைக்காரர் அசையவில்லை. மறுபடி அழைத்தது. அவர் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"சார், உங்களத்தான் கூப்புடுதாவ" என்றார் அபரஞ்சி. "போங்க. கேக்காமலே குடுக்காவ, குடுத்து வச்ச ஆளு. நான் காலைலருந்து கெஞ்சுதேன், எனக்குத் தர மாட்டேங்காவ."

செல்வின் அவரை நிமிர்ந்து பார்த்தார். டிரைவிங் ஸ்கூல் பலகையில் இருக்கும் முகம் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, எனக்கு அது இல்லக்கா."

"எது?"

"அவங்க கூப்புடுதது."

அபரஞ்சி மீசையைப் பார்த்தார். விசிலைப் பார்த்தார். பிறகு கண்களைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது.

செல்வின் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். பதினைந்து வருடத்துக்கு முன் வேறு ஊரில் வேறு பெயரை விட்டுவிட்டு இங்கே வந்தவர். அவர் திருநம்பி என்பது பள்ளியில் யாருக்கும் தெரியாது. நின்றுபோயிருந்த ரத்தப்போக்கு ஐந்து மாதமாகத் திரும்ப வந்து நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் அணிவகுப்பில் "அட்டென்ஷன்" என்று கத்திவிட்டுத் தானே மயங்கி விழுந்தார். மாணவர்கள் அதுவும் பயிற்சியில் ஒரு பகுதி என்று நினைத்து வரிசையாகப் படுத்துவிட்டார்கள்.

"மிஷின்கிட்ட ரத்தம் போவுதுன்னு சொன்னேன்க்கா. மூலம்னு சொல்லி மருந்து குடுத்துட்டு. கர்ப்பப்பைய பாருங்கன்னேன். 'ஆண்களுக்கு அது இல்லை, மனநல ஆலோசனை தேவையா'ன்னு கேக்குது."

"எனக்கு எந்த அறை போட்டிருக்கு தெரியுமா? பதினொண்ணு. கர்ப்பப்பை."

ஏழாம் அறைக்காரர் பதினொன்றாம் அறைக்காரரைப் பார்த்தார்.

"மாத்திக்கிடுவமா?" என்றார் அபரஞ்சி.

மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைத்தான் மிஷின் படிக்கும். முகத்தைப் பார்க்காது. பட்டையைக் கழற்ற முடியாது, வெட்டத்தான் வேண்டும். இருவரும் பல்லால் கடித்துக்கொண்டிருந்தபோது முப்பிடாதி சிஸ்டர் அந்தப் பக்கம் வந்தார். இருபத்தாறு வருட சர்வீஸ். அவரைப் பார்த்தால் டாக்டர்களே கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள்.

"பட்டையக் கழத்தக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்குல்லா? படிக்கத் தெரியாதா ரெண்டு பேருக்கும்?" என்று அதட்டினார். பிறகு கையிலிருந்த கத்திரிக்கோலையும் பிளாஸ்திரியையும் அவர்களுக்கு நடுவில் இருந்த நாற்காலியில் மறந்தாற்போல வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஏழாம் அறையில் டாக்டர் ஹமீதா இருந்தார். சிறுநீரகவியல் நிபுணர், சென்னைக்காரர். கதவு திறந்து பட்டுச்சேலையும் கனகாம்பரமுமாக ஒருவர் உள்ளே வந்தார். டாக்டர் திரையைப் பார்த்தார். 'திரு. செல்வின், ஆண்' என்று இருந்தது. சேலையைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"உக்காருங்க செல்வின் சார்" என்றார். "எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல். நீங்க தப்பா நினைச்சுக்காதீங்க."

அபரஞ்சிக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாதீங்க சார். இந்த மிஷின் பத்தி மேலிடத்துக்குப் பதினோரு லெட்டர் எழுதியிருக்கேன். பதினோரு தடவையும் 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்'னு பதில் வந்துச்சு. அதுல ஒண்ணு எனக்குப் பொறந்தநாள் வாழ்த்தும் சொல்லிச்சு."

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் இருவரும் சேர்ந்து வந்து, பட்டையை மாற்றி, ஆளுக்கொரு அறைக்குப் போனார்கள். பதினொன்றாம் அறை மகப்பேறு டாக்டரிடம் ஹமீதா பேசி வைத்திருந்தார். மிஷினுக்கு ஒரே ஒரு குழப்பம்தான். நாற்பத்தொரு வயது ஆணுக்கு இடுப்பெலும்பு இப்படித் தேய்ந்திருக்கிறதே என்று செல்வினின் கோப்பில் கவலை தெரிவித்தது. அபரஞ்சியின் கோப்பில் 'வயதுக்குப் பதினாறு ஆண்டு இளமையான உடல்' என்று பாராட்டி எழுதியது. அபரஞ்சி அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துச் சட்டம் போட்டு டிரைவிங் ஸ்கூலில் மாட்டினார். காத்திருந்த நேரங்களில் செல்வினையும் தன் பள்ளியில் சேர்த்துவிட்டார். விண்ணப்பத்தை அவரே பூர்த்தி செய்தார். "ரத்த வகை? ஓ நெகட்டிவா? அபூர்வமான ஆளுவே நீரு."

முடிவுகள் வந்தன. அபரஞ்சிக்குப் புரோஸ்டேட்டில் புற்றுநோய். ஆரம்ப நிலை, அறுத்து எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். செல்வினின் கர்ப்பப்பையில் தேங்காய் அளவு கட்டி. அதையும் எடுத்தாக வேண்டும். ஆனால் அரசாங்கத்தின் கண்ணில் புற்றுநோய் செல்வினுக்கு. கட்டி அபரஞ்சிக்கு.

தகவல் அரசாங்க வழக்கப்படி உரியவர்களுக்குப் போனது. பள்ளித் தலைமையாசிரியர் செல்வினைத் தனியாக அழைத்துத் தோளில் கை போட்டார்.

"மனச விட்டுராதீங்க சார். ஆம்பளன்னு பொறந்தா இந்த புரோஸ்டேட்டு எழவு எல்லாத்துக்கும் வாரதுதான். எங்க மாமாவுக்கும் இருந்துச்சு. அவரும் உங்கள மாதிரிதான், மீசையும் ஆளும்..."

இதை அபரஞ்சியிடம் சொன்னபோது செல்வினால் சிரிப்பையும் கண்ணீரையும் அடக்க முடியவில்லை. "அக்கா, என்னைய ஆம்பளைன்னு அரசாங்கமே சீல் குத்தி, அந்தாளு தோள்ல வேற கை போட்டுட்டாரு. வியாதிகூட இப்படிச் சந்தோசம் தருமான்னு இருக்கு."

அபரஞ்சி வீட்டிலும் அதே கதைதான். சுகாதார ஊழியர் வந்து கட்டி விஷயத்தைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கு பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி உளுந்தங்களி கொண்டுவந்தாள். ஒருத்தி தனக்குக் கர்ப்பப்பை எடுத்த கதையை ஒன்றரை மணி நேரம் சொன்னாள். "எடுத்தப்பறம் குனிஞ்சு வேலை செய்யாத பிள்ள, நமக்கெல்லாம் அதுக்கப்பறம் இடுப்பு நிக்காது" என்றாள். நமக்கெல்லாம் என்றாள். இருபது வருடமாகத் தெருக்குழாயில் தள்ளி நின்று பேசியவள். அபரஞ்சி களியைத் தின்றுகொண்டே, இல்லாத கர்ப்பப்பைக்காக மனதார வருத்தப்பட்டார்.

இருவருக்கும் ஒரே நாளில், காலை ஒன்பது மணிக்கு, பக்கத்துப் பக்கத்து அரங்குகளில் அறுவைச் சிகிச்சை முடிவானது. பட்டைகள் மாற்றப்பட்டன. செல்வினை இரண்டாம் அரங்குக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அபரஞ்சி பச்சை அங்கியோடு, ஒன்றாம் அரங்கு வாசலில் தள்ளுகட்டிலில் படுத்து, தெரிந்த சாமிகளை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது நடைபாதையில் ஒரு தானியங்கி வண்டி உருண்டு வந்தது. ரத்தப் பைகளைக் கொண்டுபோகும் வண்டி.

"வழி விடவும், வழி விடவும். ரத்தம் வருகிறது. நோயாளி அபரஞ்சி, பி பாசிட்டிவ், இரண்டாம் அரங்கு. வழி விடவும்."

அபரஞ்சி கண்ணைத் திறந்தார். பி பாசிட்டிவ் சரிதான். அவருடைய ரத்த வகை அதுதான். ஆனால் இரண்டாம் அரங்கில் அபரஞ்சி இல்லை. அங்கே படுத்திருப்பது ஓ நெகட்டிவ்.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் முப்பது வருடத்தில் எத்தனை விண்ணப்பங்களில் ரத்த வகை எழுதியிருப்பார்! யாருடைய ரத்தம் யாருக்கு ஏற்றினால் என்ன ஆகும் என்று உரிமத் தேர்வுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அவரே பாடம் எடுத்திருக்கிறார்.

கட்டிலிலிருந்து குதித்தார். அங்கியின் பின்பக்கம் மூன்று முடிச்சுகளில் இரண்டு அவிழ்ந்திருந்தன. அதைப் பற்றி நினைக்க நேரமில்லை.

"ஏய் நில்லு! நில்லுடா சவத்து வண்டி!"

"நடைபாதையில் ஓட வேண்டாம்" என்றது வண்டி, வேகத்தைக் கூட்டியபடி.

ஒரு கையால் அங்கியைப் பிடித்துக்கொண்டு அபரஞ்சி ஓடினார். எதிரே வந்த பயிற்சி டாக்டர்கள் இருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். வண்டி இரண்டாம் அரங்கின் கதவை நெருங்கியது. கதவு தானாகத் திறந்தது. அபரஞ்சி பாய்ந்து வண்டியைச் சுற்றிப் போய் அதன் முன்னால் மல்லாந்து விழுந்தார். வண்டி அவர் வயிற்றுக்கு ஒரு சாண் முன்னால் நின்று, "சாலையில் மாடு" என்று அறிவித்தது.

"மாடு ஒங்க அப்பன்!" என்று அபரஞ்சி கத்தினார். "டாக்டரம்மா! அது அபரஞ்சி இல்ல! நான்தான் அபரஞ்சி! அவருக்கு இந்த ரத்தத்த ஏத்திராதீங்க!"

இரண்டு அரங்குகளும் நின்றன. டாக்டர் ஹமீதா வெளியே வந்து ரத்தப் பையை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார்.

"நான் யோசிக்கல" என்றார். "ரத்தம் நிழல்கிட்டருந்து தானா வரும்ங்கறத நான் யோசிக்கவே இல்ல. கொன்னுருப்பேன்."

முப்பிடாதி சிஸ்டர் வந்து அபரஞ்சியின் அங்கியை முடிந்துவிட்டார். அன்றைக்கு அவர் யாரையும் அதட்டவில்லை.

நான்காவது நாள் தலைநகரிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். பெயர் ரத்தினவேல். நல்ல கருந்தாடி, கனத்த உருவம், மடிப்புக் கலையாத சட்டை. அபரஞ்சி, செல்வின், ஹமீதா, முப்பிடாதி நால்வரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, ஆள்மாறாட்டம், அரசு ஆவணத் திருத்தம், தானியங்கி வண்டியை அவதூறாகப் பேசியது ஆகிய மூன்று குற்றச்சாட்டுகளை வாசித்தார்.

"மூணாவது உண்மதான் சார்" என்றார் அபரஞ்சி.

"உடல்நிழல் வந்து நாலு வருஷம் ஆச்சு" என்றார் அதிகாரி கோப்பைப் புரட்டியபடி. "இந்த நாலு வருஷத்துல ஒரு பெண்ணுக்குக்கூடப் புரோஸ்டேட் புற்றுநோய் வந்ததா பதிவு இல்ல. ஒரு ஆணுக்குக்கூடக் கர்ப்பப்பைக் கட்டி இல்ல. அதனால இது யாருக்கும் வராத பிரச்சினைன்னு மிஷின் சொல்லுது."

"பாக்கவே விடலன்னா எப்படி சார் பதிவு இருக்கும்?" ஹமீதா எழுந்துவிட்டார். "எத்தனை பேரு வரவேற்பறையோட திரும்பிப் போனாங்கன்னு அந்த மிஷினக் கேளுங்க. என்னைத் தண்டிங்க. தப்பு என்னோடது, ஒப்புக்கறேன். ஆனா இவங்களுக்கு ஆபரேஷன் பண்ண விடுங்க. கேன்சர் விசாரணை முடியற வரைக்கும் காத்துட்டு இருக்காது."

"ஒரு வழி இருக்கு" என்றார் அதிகாரி. "நான் இதைச் சொல்லியே ஆகணும், விதி அப்படி. ரெண்டு பேரும் அட்டையில பழையபடி மாத்திக்கிட்டா, நாளைக்கே சிகிச்சை."

செல்வின் தலையைக் குனிந்தார். அட்டை மாறினால் பள்ளிக்குத் தகவல் போகும். தோளில் கை போட்ட தலைமையாசிரியரின் முகம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அபரஞ்சிதான் பேசினார். "சார், பொம்பளன்னு எழுதி வாங்க எனக்குப் பத்தொம்பது வருசம் ஆச்சு. அதத் திருப்பிக் குடுத்துட்டு உசுர வாங்கிக்கோன்னு சொல்லுதீங்க. எனக்கு ரெண்டும் வேணும் சார். மத்தவங்களுக்கெல்லாம் ரெண்டும் சேத்துத்தான குடுத்திருக்கீங்க?"

அதிகாரி கோப்பை மூடினார். பிறகு கூரையில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தபடி, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லத் தொடங்கினார்.

"உடல்நிழல் விதிகள், பதினாலாவது பிரிவு. சாலையில் மயங்கிக் கிடந்து கொண்டுவரப்படும் அடையாளம் தெரியாத நபருக்கு நிழல் இருக்காது. அவரிடம் பெயரோ வயதோ பாலோ கேட்கக் கூடாது. மிஷின் அவரை முழுசாக ஸ்கேன் செய்து, உள்ளே என்ன இருக்கிறதோ அதைப் பார்த்துப் புது நிழல் உண்டாக்க வேண்டும். ரத்தமும் அந்த இடத்திலேயே சோதிக்கப்படும். சிகிச்சை முடிந்து நினைவு திரும்பியபின் அடையாளம் சொன்னால் போதும்."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சும்மா விதியப் படிச்சேன்" என்றார் அதிகாரி. "நான் சாயங்கால ரயிலுக்குப் போகணும். அறிக்கை பிறகு வரும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு, பெரியாஸ்பத்திரி வாசலில், ஆவாரங்குளம் அதுவரை பார்த்திராத ஒரு மயக்கம் நடந்தது.

செல்வின் உடற்பயிற்சி ஆசிரியர் என்பதால் சுத்தமாக விழுந்தார். அபரஞ்சி முதலில் கைப்பையிலிருந்து போர்வையை எடுத்து விரித்தார். கொசுவத்தைச் சரிசெய்தார். பிறகு கையை நெற்றியில் வைத்து, "ஐயோ, எனக்கு என்னமோ செய்யுதே" என்று சொல்லிவிட்டு மெதுவாகப் படுத்தார்.

உடனே கூட்டம் கூடிவிட்டது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

"அய்யய்யோ, நம்ம அபரஞ்சி மேடம்!" என்றார் டீக்கடைக்காரர்.

"நான் அபரஞ்சி இல்ல" என்றார் மயங்கிக் கிடந்தவர், கண்ணைத் திறக்காமல்.

"மேடம், என்னத் தெரியலயா? எனக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் குடுத்தீங்களே!" என்றார் இன்னொருவர்.

"எனக்கு ரிவர்ஸே தெரியாது. நான் யாருன்னே எனக்குத் தெரியாது. யாராவது தூக்குங்கப்பா."

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் இருவர் கட்டிலோடு ஓடி வந்தார்கள். ஒருவர் குனிந்து பார்த்து, "வணக்கம் மேடம்" என்று சல்யூட் அடித்தார். அபரஞ்சி ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரை முறைத்தார். முப்பது வருட ஆசிரியையின் முறைப்பு. ஓட்டுநருக்கு ஏதோ புரிந்துவிட்டது. நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

"யாரோ ஒரு அம்மா. இந்த ஊர்ல பாத்ததே இல்ல. உங்க யாருக்காவது தெரியுமா?"

கூட்டத்தில் ஒரு நிமிடம் யோசனை நடந்தது. உளுந்தங்களி கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பெண்ணும் அங்கே நின்றிருந்தாள். அவள்தான் முதலில் சொன்னாள்.

"எனக்குத் தெரியாது. எங்க தெருவுல இப்படி யாருமே கெடையாது."

"எனக்கும் தெரியாது" என்றார் டீக்கடைக்காரர். பிறகு ரிவர்ஸ் பழகியவர். பிறகு வரிசையாக எல்லோரும், ஏதோ உறுதிமொழி எடுப்பது மாதிரி, அந்த அம்மாவைத் தெரியவே தெரியாது என்றார்கள். விசிலோடு கிடந்த மனிதரையும் யாருக்கும் தெரியவில்லை. அவருடைய மாணவன் ஒருவன் மட்டும் சாரின் தலைக்குக் கீழே தன் பள்ளிக்கூடப் பையை வைத்துவிட்டு, "யாருன்னு தெரியல" என்றான்.

உள்ளே மிஷின் இருவரையும் ஸ்கேன் செய்தது. முதல் தடவையாக அது எந்த அட்டையையும் பார்க்காமல் உடம்பைப் பார்த்தது. "அடையாளம் தெரியாத நபர் ஒன்று. புரோஸ்டேட்டில் புற்றுநோய். உடனடி அறுவைச் சிகிச்சை தேவை. நபர் இரண்டு. கர்ப்பப்பையில் கட்டி. உடனடி அறுவைச் சிகிச்சை தேவை" என்றது. யாரையும் எதுவும் கேட்கவில்லை. யாரையும் வாழ்த்தவும் இல்லை.

ஹமீதா கடைசியாக ஒரு தடவை ரத்த வகையைத் தன் கையாலேயே சோதித்தார். பிறகு இன்னொரு தடவையும் சோதித்தார்.

இரண்டு சிகிச்சைகளும் நன்றாக முடிந்தன. மூன்றாவது நாள் நினைவு 'திரும்பிய' இருவரும் தங்கள் பெயர்களைச் சொன்னார்கள். அட்டைகளில் ஒரு எழுத்தும் மாறவில்லை. செல்வினுக்குப் பெண்கள் வார்டின் கோடியில் இருந்த தனி அறையை முப்பிடாதி சிஸ்டர் ஒதுக்கி, வாசலில் 'பழுது, உள்ளே வராதீர்' என்று எழுதி ஒட்டியிருந்தார். ஹமீதாவுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அவர் பதில் எழுதினார். 'உங்கள் கருத்து எனக்கு முக்கியம்' என்று ஆரம்பித்தார்.

ஒரு வாரம் கழித்து அபரஞ்சி மெல்ல நடக்கத் தொடங்கியிருந்தார். செல்வினைப் பார்க்கத் தனி அறைக்குப் போனபோது அங்கே இரண்டு கட்டில்கள் இருந்தன. இரண்டாவது கட்டிலைத் திரை மறைத்திருந்தது.

"காலைலதான் கொண்டாந்தாவ" என்று செல்வின் கிசுகிசுத்தார். "ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல மயங்கிக் கெடந்தாராம். அடையாளம் தெரியாத நபர்."

அபரஞ்சி திரையை லேசாக விலக்கினார். கருந்தாடி தலையணையில் பரந்து கிடந்தது. விசாரணை அதிகாரி ரத்தினவேல் கண்ணைத் திறந்து பார்த்தார். மடிப்புக் கலையாத சட்டை இல்லாமல் அவர் வேறு ஆள் மாதிரி, ரொம்பச் சின்னவர் மாதிரி இருந்தார்.

"அறிக்கை அனுப்பிட்டேன்" என்றார் மெதுவாக. "பேருக்குப் பக்கத்துல இருக்குற ஆண், பெண்ணைப் பாக்காதீங்க, உடம்பப் பாருங்கன்னு எழுதியிருக்கேன். குற்றச்சாட்டு மூணையும் தள்ளிட்டேன். மாத்தி முடிக்க எட்டு மாசம் ஆகும்னு சொல்றாங்க. எனக்கு அவ்வளவு நாள் இல்லைங்க. நானும் செல்வின் சார் மாதிரிதான். மார்புல ஒரு கட்டி. ஒன்றரை வருஷமா மிஷின் அத கொழுப்புன்னு சொல்லிட்டிருந்துச்சு."

"ஒன்றரை வருசமா யாருட்டயும் சொல்லலியா?"

"யார்ட்ட சொல்றது? அந்த விதிப் புத்தகத்த எழுதின குழுவுல நானும் ஒருத்தன்." கண்களை மூடிக்கொண்டார். "விதி பதினாலு மட்டும் மனப்பாடம். தைரியம்தான் இல்லாம இருந்துச்சு. நீங்க அன்னிக்கு ரெண்டும் வேணும்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க."

அபரஞ்சி ஒரு நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டு, வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்தார்.

முப்பிடாதி சிஸ்டர் படிவத்தோடு உள்ளே வந்தார். "ஆபரேஷனுக்கு முன்னால கூட இருக்கறவங்க கையெழுத்து வேணும். இவருக்குத் துணைக்கு யாரு?"

"நான்தான்."

"நீங்க என்ன உறவு?"

"அக்கா."

சிஸ்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பேஷண்ட் பேரு?"

"அது தெரியாது" என்றார் அபரஞ்சி, பேனாவை வாங்கிக்கொண்டே.